வெடித்த குதிக்காலைச் சும்மா விடாதீர்கள்

நீரிழிவு உள்ளவர்களின் கால் தோல், அதிலுள்ள கொழுப்பு, கால் புண் பற்றிய விளக்கம்

சொந்தக் காணிக்குத் திரும்பியிருக்கிறீர்கள். பற்றை வெட்ட வேண்டும், கிணறு இறைக்க வேண்டும், வேலி அடைக்க வேண்டும், கொட்டில் போட வேண்டும். இவை எல்லாம் காலில் நின்று செய்யும் வேலைகள். இந்த நேரத்தில் வீட்டில் ஒருவருடைய கால் பழுதாகிப் போனால் அவருடைய உழைப்பு மட்டும் நின்றுபோவதில்லை. அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு திரியும் இன்னொருவருடைய உழைப்பும் நின்றுவிடும்.

நீரிழிவு (சீனி வருத்தம், சலரோகம் என்றும் சொல்வோம்) உள்ளவர்களில் ஐந்து பேரில் ஒருவருக்காவது வாழ்நாளில் ஒரு தடவை காலில் புண் வருகிறது என்று உலகளாவிய மதிப்பீடுகள் சொல்கின்றன. நீரிழிவினால் காலைக் கழற்ற வேண்டி வந்தவர்களில் பெரும்பாலானோருக்கு முதலில் இருந்தது ஒரு சிறிய புண்தான். அந்தப் புண்ணுக்கும் முன்னால் பலருக்கு இருந்தது வரண்ட தோலும் ஒரு வெடிப்பும். வெடிப்பு நிலையிலேயே கவனித்தால் செலவு மிகக் குறைவு. ஒரு போத்தல் தேங்காய் எண்ணெயும் நாளுக்குப் பத்து நிமிடமும் போதும்.

வரண்ட தோல் ஏன் ஆபத்தானது, அதற்கு வீட்டிலேயே என்ன செய்யலாம், எந்த நிலையில் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பவற்றை இந்தப் பகுதி விளக்குகிறது. வீட்டில் நீரிழிவு உள்ள ஒருவர் இருந்தால், வாசிக்கத் தெரிந்த பிள்ளை ஒன்றைக் கொண்டு அவருக்கு இதை வாசித்துக் காட்டுங்கள்.

தோல் ஒரு சுவர்

வீடு கட்டும்போது சீமெந்துக் கற்களை அடுக்கி இடையில் சாந்து வைக்கிறோம். சாந்து இல்லாவிட்டால் கல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் மழைத் தண்ணீர் உள்ளே வரும், பூச்சி புழுவும் வரும். நமது தோலின் மேற்பகுதியும் இப்படித்தான் அமைந்திருக்கிறது. தட்டையான, உலர்ந்த உயிரணுக்கள் கற்கள் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுக்கு இடையில் சாந்தாக இருப்பது கொழுப்பு.

இந்தக் கொழுப்பில் முக்கியமாக மூன்று வகை உண்டு: செரமைட்டு, கொலஸ்திரோல், கொழுப்பமிலம். ஏறத்தாழப் பாதி செரமைட்டு. மூன்றும் சரியான அளவில் கலந்திருந்தால்தான் சாந்து இறுக்கமாக இருக்கும். அது இரண்டு வேலைகளைச் செய்கிறது. உடம்பின் ஈரம் வெளியே போகாமல் தடுக்கிறது. வெளியில் இருக்கும் கிருமிகள் உள்ளே வராமலும் தடுக்கிறது. இந்தக் கொழுப்புகளில் சிலவற்றுக்குக் கிருமிகளின் வளர்ச்சியை அடக்கும் சக்தியும் உண்டு.

ஒரு விடயத்தைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்க்கும் கொலஸ்திரோல் வேறு விடயம். சுவருக்குச் சாந்தாக இருக்கும் இந்தக் கொழுப்பைத் தோல் தானே தயாரிக்கிறது. தோல் வரண்டிருக்கிறது என்று எண்ணெய்ச் சாப்பாட்டைக் கூட்டினால் தோல் திருந்தாது. சீனியும் நிறையும்தான் கூடும்.

உள்ளங்காலுக்கு ஏன் தனிக் கவனம்?

உள்ளங்காலின் தோல் உடம்பின் மற்ற இடங்களைவிடப் பல மடங்கு தடிப்பானது. ஆனால் அதற்கு ஒரு குறை உண்டு. முகத்திலும் தலையிலும் எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. உள்ளங்காலில் அவை இல்லை. உள்ளங்கால் ஈரமாக இருப்பது முக்கியமாக வியர்வையால். வியர்வை நின்றுபோனால் அதை ஈடுசெய்ய அங்கே வேறொன்றும் இல்லை.

நீரிழிவு இந்த இடத்தில்தான் கைவைக்கிறது. பல வருடங்களாகச் சீனி கூடியே இருந்தால் நரம்புகள் பழுதடைகின்றன. வியர்வைச் சுரப்பிகளை இயக்கும் நரம்புகளும் இதில் அடங்கும். காலில் வியர்வை குறைந்து தோல் காய்கிறது. அதோடு, சீனி நீண்டகாலம் உயர்ந்திருக்கும்போது தோல் புதிதாகக் கொழுப்பு உண்டாக்கும் வேகமும் குறைவதை விலங்குகளில் செய்த ஆய்வுகள் காட்டியுள்ளன. அதாவது சுவரில் சாந்து உதிர்கிறது; புதிய சாந்து நேரத்துக்கு வந்து சேர்வதில்லை.

காய்ந்த தடித்த தோலுக்கு நெகிழும் தன்மை இல்லை. நடக்கும்போது குதிக்காலில் உடம்பின் பாரம் விழுகிறது, தோல் பக்கவாட்டில் விரிய வேண்டியிருக்கிறது. விரிய முடியாத தோல் வெடிக்கிறது. வரட்சியில் குளக்கட்டு மண் வெடிப்பதும் இதே முறையில்தான்.

வெடிப்பு எப்படிப் புண்ணாகிறது?

நீரிழிவு இல்லாத ஒருவருக்கும் குதிக்கால் வெடிக்கலாம். அவருக்கு வலிக்கும். வலித்தால் பார்ப்பார், மருந்து போடுவார், பாரத்தை மற்றக் காலுக்கு மாற்றி நடப்பார். சில நாட்களில் ஆறிவிடும்.

நீரிழிவினால் கால் நரம்பு பழுதடைந்தவருக்கு வெடிப்பு ஆழமானாலும் வலிக்காது. அதனால் அவர் வழமைபோலவே நடப்பார். வெடிப்புக்குள் மண் போகும், சேறு போகும், கிருமி போகும். காலுக்கு வரும் இரத்தக் குழாய்கள் ஒடுங்கியிருந்தால் புண் ஆறத் தேவையான இரத்தம் வந்து சேராது. சீனி கூடியிருக்கும்போது கிருமியோடு போராடும் வெள்ளை அணுக்களும் சரியாக வேலை செய்யா. இப்படி மூன்று பக்கமும் அடைபட்ட நிலையில், மேலே ஒரு கோடு போலத் தெரியும் வெடிப்பு, உள்ளே எலும்புவரை போகக்கூடும்.

இதை நேர்மையாகச் சொல்ல வேண்டும்: தோலின் கொழுப்பு குறைவதனால் மட்டும் கால் புண் வருவதில்லை. உணர்வு இல்லாமற் போவது, இரத்த ஓட்டம் குறைவது, காயமும் அழுத்தமும் ஏற்படுவது ஆகியவையே பெரிய காரணங்கள். ஆனால் வரண்டு வெடித்த தோல் இவற்றுக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. நரம்பை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவருவது கடினம். கதவை மூடி வைப்பது நமது கையில் இருக்கிறது.

காலில் உணர்வு இருக்கிறதா? வீட்டிலேயே பார்க்கலாம்

இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. நீரிழிவு உள்ளவர் கால் நீட்டிப் படுத்து, கண்களை மூடிக்கொள்ள வேண்டும். வீட்டில் இன்னொருவர் தனது சுட்டுவிரல் நுனியால், ஒவ்வொரு காலிலும் பெருவிரல், நடுவிரல், சின்னவிரல் ஆகியவற்றின் நுனியை ஒன்று அல்லது இரண்டு விநாடி மெதுவாகத் தொட வேண்டும். அழுத்தவோ தட்டவோ தடவவோ கூடாது. தொடுவதை உணரும்போது "ஓம்" என்று அவர் சொல்ல வேண்டும்.

இப்படி ஆறு இடங்களில், இரண்டு இடமோ அதற்கு மேலோ தெரியாமற் போனால், கால் உணர்வு குறைந்திருக்கிறது என்று கொள்ளுங்கள். அடுத்த கிளினிக்கில் இதைச் சொல்லுங்கள். அங்கே மெல்லிய நைலோன் இழையால் தொட்டுச் சரியாகப் பரிசோதிப்பார்கள். ஆறு இடமும் தெரிந்தாலும் வருடத்துக்கு ஒரு தடவை கிளினிக்கில் காலைக் காட்டுங்கள்.

ஒவ்வொரு நாளும் செய்ய வேண்டியவை

மாலை வேலை முடிந்து கைகால் கழுவும் நேரமே இதற்கு நல்ல நேரம்.

1. பாருங்கள். வெளிச்சத்தில் இருந்து இரண்டு கால்களின் மேற்பக்கம், உள்ளங்கால், குதிக்கால், விரல் இடுக்கு எல்லாவற்றையும் பாருங்கள். குனிய முடியாவிட்டால் முகம் பார்க்கும் கண்ணாடியை நிலத்தில் வைத்துப் பாருங்கள். கண் பார்வை குறைந்தவருக்கு வீட்டில் இன்னொருவர் பார்க்க வேண்டும். வெடிப்பு, கொப்புளம், முள், சிவப்பு, வீக்கம், நிற மாற்றம் இருக்கிறதா என்று தேடுங்கள்.

2. கழுவுங்கள். சாதாரணத் தண்ணீரும் கொஞ்சம் குளிக்கும் சவர்க்காரமும் போதும். உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரம் தோலின் கொழுப்பைக் கரைத்துக்கொண்டு போய்விடும். அதைக் காலுக்குப் பாவிக்க வேண்டாம். காலை வாளிக்குள் நீண்ட நேரம் ஊறவும் வைக்க வேண்டாம். ஊறிய தோல் காயும்போது முன்பைவிட அதிகமாக வரளும். சுடுதண்ணீர் வேண்டாம். குளிருக்கு இளஞ்சூடாக எடுப்பதென்றால், முதலில் முழங்கையால் சூடு பாருங்கள். உணர்வு குறைந்த காலால் சூடு பார்த்து அவித்துக்கொண்டவர்கள் பலர்.

3. துடையுங்கள். துவாயால் ஒற்றி எடுங்கள். விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாகத் துடையுங்கள். அங்கே ஈரம் தங்கினால் தோல் வெளிறி, பங்கசு பிடிக்கும். ஐவேளை வுழூச் செய்பவர்களும், வயலிலும் கடலிலும் வேலை செய்பவர்களும் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

4. பூசுங்கள். துடைத்த உடனே, தோலில் இலேசான ஈரம் இருக்கும்போதே பூசுவது நல்லது. அந்த ஈரத்தை உள்ளே பிடித்து வைப்பதற்குத்தான் பூசுகிறோம். குதிக்கால், உள்ளங்கால், காலின் மேற்பக்கம் எங்கும் மெல்லியதாகத் தடவுங்கள். விரல் இடுக்கில் மட்டும் பூச வேண்டாம்.

மேல்தோல் புதுப்பிக்கப்பட ஏறத்தாழ ஒரு மாதம் எடுக்கும். எனவே இரண்டு நாள் பூசிவிட்டு "ஒன்றும் நடக்கவில்லை" என்று விட்டுவிடாதீர்கள். வெடிப்பு ஆறிய பிறகும் தொடருங்கள். பூசுவதை நிறுத்தினால் பழையபடி காயும்.

எதைப் பூசலாம்?

கிளினிக்கில் யூரியா கலந்த கிறீம் தந்தால் அதுவே தடித்த குதிக்காலுக்கு மிகவும் நல்லது. யூரியா ஈரத்தை இழுத்துப் பிடிக்கும், தடித்த தோலையும் மெதுவாக இளக்கும். இது வயலுக்குப் போடும் யூரியா அல்ல. பசளை யூரியாவை எண்ணெயில் கலந்து பூசும் வேலையை ஒருபோதும் செய்ய வேண்டாம்.

கிறீம் கிடைக்காவிட்டால் வசலின் அல்லது தேங்காய் எண்ணெய் பூசலாம். இவை உதிர்ந்த சாந்தை முழுவதும் திருப்பித் தரமாட்டா. ஆனால் சுவருக்கு மேல் ஒரு பூச்சுப் போல நின்று, ஈரம் வெளியேறுவதைக் குறைக்கும். எண்ணெய் சுத்தமானதாக இருக்க வேண்டும். பொரித்து மிஞ்சிய எண்ணெய் வேண்டாம். கற்பூரம், தைலம் எதுவும் கலக்க வேண்டாம். அவை தோலை எரிக்கும்.

பூசிய பின் மிஞ்சிய எண்ணெயைத் துணியால் ஒற்றி எடுங்கள். எண்ணெய்க் காலோடு நடந்தால் வழுக்கும். நிலத்தில் படுப்பவருக்கு எறும்பு வரும். படுக்கும்போது சுத்தமான பருத்திக் காலுறை போடலாம். தற்காலிகக் கொட்டில்களில் எலித் தொல்லையும் உண்டு. உணர்வில்லாத காலை எலி கடித்தாலும் தூக்கத்தில் தெரியாது. நுளம்பு வலையைப் பாய்க்குக் கீழே செருகிப் படுங்கள்.

திறந்த புண்ணுக்கும், இரத்தம் கசியும் ஆழமான வெடிப்புக்கும் எண்ணெயோ கிறீமோ பூச வேண்டாம். அவற்றுக்கு ஆஸ்பத்திரியில் மருந்து கட்ட வேண்டும்.

காணி துப்புரவாக்கும் நாட்களில்

பல வருடம் ஆள் நடமாட்டமில்லாத காணியில் முள், துருப்பிடித்த ஆணி, உடைந்த ஓடு, போத்தல் துண்டு, பனங்கருக்கு எல்லாம் புல்லுக்குள் மறைந்திருக்கும். நீரிழிவு உள்ளவர் கிணற்றடிக்குப் போவதென்றாலும் செருப்போடுதான் போக வேண்டும். பற்றை வெட்டும்போது மூடிய சப்பாத்து அல்லது பூட்ஸ் போடுங்கள். விரலிடுக்கில் வார் போகும் இரப்பர்ச் செருப்பு அந்த இடத்தை உராய்ந்து புண்ணாக்கும். பின்பக்கம் வார் உள்ள, அகலமான செருப்புக் கிடைத்தால் அதையே எடுங்கள்.

போடுவதற்கு முன் சப்பாத்தைக் கவிழ்த்துத் தட்டி, கையை உள்ளே விட்டுப் பாருங்கள். சிறுகல் ஒன்று இருந்தால்கூட மாலைக்குள் கொப்புளம் வந்துவிடும். புதிய சப்பாத்தை முதல் நாள் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போட வேண்டாம்.

சப்பாத்து முள்ளிலிருந்து காப்பாற்றும், மிதிவெடியிலிருந்து காப்பாற்றாது. மிதிவெடி அகற்றிப் பாதுகாப்பானது என்று உறுதிசெய்யப்படாத இடத்துக்குள் யாரும் காலடி வைக்க வேண்டாம்.

மதிய வெயிலில் கோயில் வீதியின் மணலும் கல்லும் கொதிக்கும். நேர்த்தி வைத்திருப்பவர்கள் காலை வெயில் ஏறமுன் அல்லது மாலையில் போய் வாருங்கள். உணர்வு குறைந்தவர்கள் தீமிதிப்பில் இறங்க வேண்டாம். அந்த நேர்த்தியை வேறு வழியில் நிறைவேற்றுவது பற்றிக் கோயிலில் கேட்டுப் பாருங்கள்.

செய்யக் கூடாதவை

குதிக்காலின் தடித்த தோலைப் பிளேட்டால் சீவ வேண்டாம். கல்லில் இரத்தம் வருமட்டும் தேய்க்க வேண்டாம். கால் ஆணிக்குக் கடையில் விற்கும் பிளாஸ்ரர் ஒட்ட வேண்டாம்; அதிலுள்ள அமிலம் நல்ல தோலையும் அரிக்கும். நகத்தை நேராக வெட்டுங்கள், மூலையைத் தோண்டி எடுக்க வேண்டாம். புண்ணில் மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, கோப்பித்தூள், சாம்பல் எதுவும் போட வேண்டாம். சுருட்டு, பீடி, சிகரெட் காலுக்கு வரும் இரத்தக் குழாய்களை ஒடுக்குகின்றன. நிறுத்துவது காலுக்குச் செய்யும் பெரிய உதவி.

எப்போது உடனே போக வேண்டும்?

கீழே சொல்லப்பட்டவற்றில் ஒன்று இருந்தாலும், வலி இல்லாவிட்டாலும், அன்றைக்கே பக்கத்து அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள்:

தோல் கிழிந்த புண், அல்லது இரத்தம் கசியும் வெடிப்பு.
கொப்புளம், சீழ், கெட்ட மணம்.
விரலோ பாதமோ நீலமாக அல்லது கறுப்பாக மாறுதல்.
புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவுதல், காய்ச்சல், குளிர் நடுக்கம்.
புண் இல்லாமலேயே ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சூடாக இருத்தல். இது எலும்பும் மூட்டும் பழுதடையத் தொடங்கியதன் அறிகுறியாக இருக்கலாம்.
ஆணி, முள், கம்பி ஆழமாகக் குத்துதல். ஏற்புவலித் தடுப்பூசியும் தேவைப்படலாம்.

போகும்வரை புண்ணைக் கொதித்தாறிய தண்ணீரால் கழுவி, சுத்தமான துணியால் மூடி, அந்தக் காலில் பாரம் கொடுக்காமல் இருங்கள். மோட்டார் சைக்கிளோ முச்சக்கர வண்டியோ பிடித்துப் போங்கள். நடந்து போக வேண்டாம். "அறுவடை முடியட்டும்", "வீட்டுத்திட்டக் காரர் வந்து பார்த்துப் போகட்டும்" என்று தள்ளிப் போடாதீர்கள். ஒரு கிழமை தள்ளிப் போட்டதால் ஒரு விரல் போவதும், விரலோடு நிற்காமல் கால் போவதும் உண்டு.

கிளினிக்கை விடாதீர்கள்

முகாமிலோ உறவினர் வீட்டிலோ இருந்தபோது ஒரு கிளினிக்கில் பதிந்திருப்பீர்கள். ஊருக்கு வந்ததும் பக்கத்து அரசாங்க வைத்தியசாலையில் மீண்டும் பதியுங்கள். பழைய கிளினிக் கொப்பியைக் கொண்டு போங்கள். கொப்பி தொலைந்திருந்தால் வெறும் மருந்து மட்டைகளையாவது கொண்டு போங்கள். என்ன குளிசை, எவ்வளவு என்று அதிலிருந்து கண்டுபிடிக்கலாம். இடையில் மருந்து முடிந்து சீனி ஏறினால், காலுக்கு என்ன பூசினாலும் பலன் குறைவு. சீனியைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பதே தோலுக்கும் நரம்புக்கும் முதல் மருந்து.

கிளினிக்கில் முறை வந்ததும் செருப்பைக் கழற்றி, "என்ர காலையும் ஒருக்காப் பாருங்கோ" என்று நீங்களாகவே கேளுங்கள். சனம் கூடிய நாளில் கால் பார்ப்பது விடுபட்டுப் போகலாம். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"எனக்கு வெடிப்பு இருபது வருடமாக இருக்கிறது. ஒன்றும் நடக்கவில்லையே?"
இருபது வருடத்துக்கு முன் உங்களுக்கு நீரிழிவு இருந்திருக்காது, அல்லது காலில் உணர்வு நன்றாக இருந்திருக்கும். வெடிப்பு அதேதான். ஆனால் அதைத் தாங்கும் கால் மாறிவிட்டது.

"வலி இல்லை என்றால் நல்லதுதானே?"
நீரிழிவு உள்ளவருக்குப் புண் இருந்தும் வலி இல்லை என்றால், அதுவே கூடுதல் ஆபத்து. வலி நமக்குக் காவல் நாய் போன்றது. அது குரைக்காத வீட்டில் நாமே ஒவ்வொரு இரவும் சுற்றிப் பார்க்க வேண்டும்.

"தண்ணீர் உவர்ப்பாக இருக்கிறது. கால் கழுவலாமா?"
கழுவலாம். கழுவியபின் முடிந்தால் கொஞ்சம் நல்ல தண்ணீரால் அலசி, துடைத்து, எண்ணெய் பூசுங்கள். உப்புத் தோலில் காய்ந்தால் வரட்சி கூடும்.

இன்று இரவே தொடங்குங்கள். வீட்டில் நீரிழிவு உள்ளவரைக் கால் நீட்டி இருக்கச் சொல்லி, விளக்கைப் பக்கத்தில் வைத்து, இரண்டு பாதங்களையும் பாருங்கள். வெடிப்பு இருந்தால் கழுவித் துடைத்து எண்ணெய் பூசிவிடுங்கள். புண் இருந்தால் நாளை காலை முதல் வேலை ஆஸ்பத்திரிக்குப் போவது. காணி வேலை ஒரு நாள் பிந்தினால் பரவாயில்லை.